மீன் செத்து மிதந்தால் ஆக்சிஜன் கணக்கைப் பாருங்கள்

2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இப்படி எங்கே நடந்தாலும் முதலில் கிளம்பும் பேச்சு, "யாரோ விஷத்தைக் கலந்துட்டாங்க" என்பதுதான். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஊருக்குள் இருக்கும் ஏரி, குளம், கழிமுகங்களில் மீன் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதைத் தீர்ப்பது பெரும்பாலும் நம் வீட்டுச் சாக்கடை.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். இன்னொன்று பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. முதலாவது கையிருப்பு, இரண்டாவது வரப்போகும் செலவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கைகளில் ஆறு, ஏரிகளைப் பற்றி வரும் அட்டவணைகளில் பாதிக்கதை இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடும்.

கையிருப்பு எவ்வளவு?

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தண்ணீரிலோ அது மிகமிகக் கொஞ்சமாகத்தான் கரையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5. சித்திரை வெயிலில் தண்ணீர் 35 டிகிரியைத் தொட்டால் 7-க்கும் கீழே போய்விடும். கடல்நீரில் உப்பு இருப்பதால் இதைவிடவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெப்பநாட்டு ஏரி எப்போதுமே குறைந்த கையிருப்போடுதான் நாளைத் தொடங்குகிறது. குளிர்நாட்டு ஆறு தாங்கும் சாக்கடையை நம் ஆறு தாங்காததற்கு இது ஒரு காரணம்.

கட்லா, ரோகு போன்ற மீன்கள் நலமாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 3-க்குக் கீழே இறங்கினால் தடுமாறும். 1-க்கு வந்தால் பெரும்பாலானவை பிழைக்காது. விரால், பனையேறி போன்றவை விதிவிலக்கு. அவை மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும்.

துப்புத் துலக்க இது உதவும். குளத்தில் கட்லாவும் ரோகுவும் செத்து, விரால் உயிரோடு திரிந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். பெரிய மீன்கள் முதலில் செத்தாலும் அதே சந்தேகம்தான், அவற்றுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். குஞ்சுகள் முதலில் செத்திருந்தாலோ, விராலும் சேர்ந்து செத்திருந்தாலோ, தவளை, நத்தை எல்லாம் மிதந்தாலோ பூச்சிமருந்து, ஆலைக்கழிவு பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

செலவு எங்கிருந்து வருகிறது?

சோறு, எண்ணெய், மலம், சோப்பு, அழுகிய இலை எதுவானாலும் தண்ணீரில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், நமக்கு வேண்டியிருப்பது போலவே. ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும் என்பதே பி.ஓ.டி.

நம் ஊர் வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. சுமார் 250. ஒரு ஆள் நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் புழங்குகிறார், அதில் 108 லிட்டர் சாக்கடையாகத் திரும்புகிறது, அந்த 108 லிட்டரில் 27 கிராம் பி.ஓ.டி. இருக்கிறது. கழிவுநீர்ப் பொறியாளர்கள் வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் கணக்கு இதுதான்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடைக்கு 250 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீரில் இருப்பது 7.5 தான். ஆக, ஒரு லிட்டர் சாக்கடை 33 லிட்டர் நல்ல தண்ணீரின் ஆக்சிஜனை முழுக்கக் காலி செய்யும். மீனுக்கு 5 மில்லிகிராமை மிச்சம் வைக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஒரு நாளில் ஒரே ஒருவர் அனுப்பும் சாக்கடைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல்.

பார்வைக்கு அழுக்கே இல்லாத பொருள்களும் இந்தக் கணக்கில் பூதமாக நிற்கும். பாலின் பி.ஓ.டி. ஏறக்குறைய ஒரு லட்சம். ஒரு லிட்டர் பாலைக் குளத்தில் கொட்டினால் 13,000 லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜன் போய்விடும், ஒரு தண்ணீர் லாரிக்கும் மேல். ஜவ்வரிசி ஆலைக் கழிவு, நெல் ஊறவைத்த நீர், சர்க்கரை ஆலையோடு சேர்ந்த சாராய ஆலைக் கழிவு எல்லாமே விஷம் என்று சொல்ல முடியாத, ஆனால் ஏரியைக் கொல்லக்கூடிய சரக்குகள். "இயற்கையான பொருள்தானே, மக்கிப்போகும்" என்கிற சமாதானம் இங்கே எடுபடாது. மக்குவதுதான் சிக்கலே.

ஏன் விடியற்காலையில்? ஏன் முதல் மழைக்குப் பிறகு?

ஏரிக்கு ஆக்சிஜன் வரும் வழி இரண்டு. காற்றிலிருந்து மேற்பரப்பு வழியாகக் கரைவது ஒன்று. கல்லில் மோதி, கலங்கலில் விழுந்து ஓடும் ஆற்றில் இது வேகமாக நடக்கும், தேங்கிய குளத்தில் மிக மெதுவாக. இன்னொன்று, தண்ணீருக்குள் இருக்கும் பாசி வெயிலில் உணவு தயாரிக்கும்போது விடும் ஆக்சிஜன்.

பாசி பகலில் கொடுக்கும், இரவில் தானே மூச்சுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பச்சைப்பசேல் என்று இருக்கும் குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால், காற்றிலிருந்து கரையும் அளவையும் தாண்டி 12, 15 என்றுகூட வரும். அதே குளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு 1 இருக்கும். அலுவலக நேரத்தில் மாதிரி எடுத்துவிட்டு "ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது" என்று எழுதும் அறிக்கை இப்படித்தான் உருவாகிறது. ஏரியின் நிலை தெரிய வேண்டுமென்றால் சூரியன் உதிக்கும் முன் அளக்க வேண்டும், கரையோரம் மேலாக மொண்ட நீரில் மட்டுமல்லாமல் அடியிலிருந்தும் எடுக்க வேண்டும்.

மூடாக்கு வானம் இரண்டு நாள் தொடர்ந்தால் பாசியின் பகல் வரவு குறையும், இரவுச் செலவு அப்படியே இருக்கும். அதோடு முதல் மழை சேர்ந்தால், மழைநீர் வடிகாலில் மாதக்கணக்கில் படிந்திருந்த கறுப்புச் சேறு மொத்தமாக ஏரிக்குள் வந்து இறங்கும். அந்தச் சேற்றில் இருக்கும் சல்ஃபைடு பாக்டீரியாவுக்குக்கூடக் காத்திருக்காது, ஆக்சிஜனைக் கண்டதும் நேரடியாக இழுத்துக்கொள்ளும். மழை பெய்து தண்ணீர் பெருகிய மறுநாள் மீன் சாகும் வினோதத்துக்கு இதுவே விளக்கம்.

ஆற்றில் இன்னொரு வினோதம் உண்டு. சாக்கடை கலக்கும் இடத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்காது. பாக்டீரியா பெருகித் தின்னத் தொடங்க நேரம் ஆகும், அதற்குள் தண்ணீர் ஓடிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டத் தொலைவில்தான் மிக மோசமான இடம் வரும். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-ல் இதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். மேலே இருக்கும் நகரம் தன் எல்லையில் அளந்து "நம் பக்கம் சரியாக இருக்கிறது" என்று சொல்லும், கீழே இருக்கும் கிராமத்தில் மீன் மிதக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அளப்பது எப்படி?

விங்க்ளர் என்பவர் 1888-ல் சொன்ன முறை இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது. 300 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். அதில் மாங்கனீசு சல்ஃபேட் 2 மில்லி, கார அயோடைடு கரைசல் 2 மில்லி, குப்பியின் உள்ளே பிப்பெட் முனையை இறக்கி விட வேண்டும். மூடிக் குலுக்கினால் பஞ்சு போன்ற படிவு உருவாகும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, மேற்கொண்டு ஒன்றும் அளக்கத் தேவையில்லை.

பழுப்பாக இருந்தால் அடர் கந்தக அமிலம் 2 மில்லி சேர்க்க, படிவு கரைந்து மஞ்சள்பழுப்பு நீராகும். அதில் 203 மில்லியை எடுத்து, 0.025 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர்மஞ்சளானதும் ஸ்டார்ச் கரைசல் சில துளி. நீலம் தோன்றும். நீலம் மறையும் வரை செலவான தயோசல்ஃபேட் எத்தனை மில்லியோ, அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் ஒரு லிட்டரில். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் துளி எண்ணும் எளிய பெட்டிகள் கிடைக்கின்றன. அமிலம் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பி.ஓ.டி. என்பது இதையே இரண்டு முறை செய்வது. இன்று அளந்து, அதே நீரை இன்னொரு குப்பியில் இருட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து மறுபடி அளக்க வேண்டும். இருட்டு எதற்கென்றால், வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். பிரிட்டனில் 20 டிகிரியில் 5 நாள் என்று வைத்திருந்தார்கள். நம் வெப்பத்துக்கு 27 டிகிரியில் 3 நாள் ஏறக்குறைய அதே விடையைத் தரும் என்பதால் இந்தியாவில் இப்படி.

சாக்கடையை அப்படியே குப்பியில் அடைத்தால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து விடை கிடைக்காது. ஆகவே 3 மில்லி சாக்கடையை 300 மில்லிக்கு நல்ல நீரால் நிரப்புவார்கள், நூறு மடங்கு நீர்ப்பு. முதல் நாள் 7.8, மூன்றாம் நாள் 5.3 என்றால் குறைந்தது 2.5. நூறால் பெருக்க 250. குறைவு 2-க்கு மேலும், கடைசி மிச்சம் 1-க்கு மேலும் இருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கழிவில் குளோரினோ கன உலோகமோ இருந்தால் குப்பியில் உள்ள பாக்டீரியா செத்துவிடும், ஆக்சிஜன் செலவாகாது, பி.ஓ.டி. குறைவாக வரும். மிக மோசமான கழிவுக்கு மிக நல்ல மதிப்பெண். அதனால்தான் பக்கத்திலேயே சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை என்ற எண்ணும் வேண்டும். அதில் பாக்டீரியாவுக்கு வேலையில்லை, டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து 2 மணி நேரம் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் எரித்துப் பார்ப்பார்கள். வீட்டுச் சாக்கடையில் பி.ஓ.டி. பொதுவாக சி.ஓ.டி.யில் பாதியை ஒட்டி இருக்கும். "வீட்டுக் கழிவு மட்டும்தான் வருகிறது" என்று சொல்லும் கால்வாயில் அது ஐந்தில் ஒரு பங்காக இருந்தால், மேலே எங்கோ ஓர் ஆலைக் குழாய் சேர்கிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.

30 என்ற வரம்பு யாருக்காக?

இந்தியாவில் ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு பி.ஓ.டி. 30. குளிக்கத் தகுந்த ஆற்றுநீருக்கோ 3-க்குள் இருக்க வேண்டும், ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. பத்து மடங்கு வித்தியாசம் எப்படிச் சரியாகும்?

இதன் வேர் பிரிட்டனில். 1912-ல் அங்கே கழிவுநீர் குறித்த அரச ஆணையம் 20 என்ற எண்ணைப் பரிந்துரைத்தது. ஆற்றில் பி.ஓ.டி. 2 உள்ள நல்ல தண்ணீர் எட்டு பங்கு ஓடும், அதில் ஒரு பங்கு கழிவு கலக்கும், கலந்தபின் 4 ஆகும், அதை ஆறு தாங்கும் என்பது கணக்கு. எட்டு பங்கு நல்ல தண்ணீர் ஓடும் என்பதே அஸ்திவாரம். வைகையிலோ கூவத்திலோ மாசி முதல் ஆடி வரை அந்த எட்டு பங்கு எங்கே இருக்கிறது? வறண்ட ஆற்றில் சுத்திகரித்த கழிவுநீரே ஆறாக ஓடும்போது 30 என்பது போதாத வரம்பு. பத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பத்துக்கு வந்தாலும் ஏரிக்கு இன்னொரு கண்டம் காத்திருக்கிறது, பாஸ்பரஸ். பி.ஓ.டி.யை நன்றாகக் குறைக்கும் நிலையம்கூட பாஸ்பரஸைப் பெருமளவு அப்படியே விட்டுவிடலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண்ணிட்ட சோதனை ஏரியை 1973-ல் நடுவே பிளாஸ்டிக் திரைகட்டிப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும். அந்தப் பக்கம் பச்சைப் பாயாக மாறியது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. மலமும் சிறுநீரும் சலவைத்தூளும் உரமும் பாஸ்பரஸ் கொண்டுவருபவை. பாசி பெருகிச் செத்தால் அதுவே புது பி.ஓ.டி. கடலிலும் இதே கதைதான். மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் வயல் உரம் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் ஆக்சிஜனற்ற பரப்பை உண்டாக்குகிறது.

எங்கே அடைக்க வேண்டும்?

ஏரிக்குள் செய்யும் வைத்தியத்தைவிட வரத்துக் கால்வாயில் செய்யும் தடுப்புக்கே மதிப்பு அதிகம். இதைக் கணக்கே சொல்லும். 9,000 பேர் உள்ள பகுதியிலிருந்து நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் சாக்கடை வருகிறது என்று வையுங்கள். 250 கிலோ ஆக்சிஜன் செலவு, தினமும். ஏரியில் நிறுவும் நீரூற்றுக் கருவி நடைமுறையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ ஆக்சிஜன் சேர்க்கும். ஒரு குதிரைத்திறன் கருவி இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் 18 கிலோ. பதினாலு கருவிகள் நிற்காமல் ஓட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் வண்ணவிளக்கோடு ஓடும் நீரூற்று திறப்புவிழாவுக்கு நல்லது. "நல்ல நுண்ணுயிர்" உருண்டைகளை எறிவதும் அப்படியே. தின்பவர்களைக் கூட்டுவதால் ஆக்சிஜன் கூடாது. ஆகாயத்தாமரையை அள்ளுவது வேண்டிய வேலைதான், ஆனால் அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி மறுபடி உள்ளேதான் வடியும்.

வீட்டுப் பக்கத்தில் பெரிய ஓட்டை செப்டிக் டேங்க். அது சுத்திகரிப்பு நிலையம் இல்லை. கசடைக் கீழே தங்கவைத்து, பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மட்டுமே குறைக்கும். வெளியேறும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் வடிகட்டப்பட்டால்தான் வேலை முடியும். அந்தக் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவதுதான் நம் தெருக்களில் நடக்கும் பொதுவான தவறு, அந்த வடிகாலின் மறுமுனை ஏரி. தொட்டி இரண்டு அறையாக, நீளம் அகலத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்காக, நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல், அடியில் தளம் போட்டிருக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். பத்து ஆண்டு எடுக்காத தொட்டியில் கசடு மேலேறி, வந்த கழிவு வந்த வேகத்தில் வெளியேறும். ஆள் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, அந்த வாயு உயிரை எடுத்துவிடும். கழிவுநீர் லாரி அழைத்தால், எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்கள். கருங்குழி போன்ற ஊர்களில் இதற்கென்றே கசடுக் கழிவு நிலையம் இருக்கிறது. லாரியின் ஒரு நடை ஏரிக்கால்வாயில் இறங்கினால் ஒரு தெருவின் பல நாள் சாக்கடைக்குச் சமம், செப்டிக் கசடு சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு அடர்த்தி.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அதன் மின்கட்டணத்தில் பெரும்பங்கு காற்றூதும் இயந்திரத்துக்குப் போகும். செலவைக் குறைக்க இரவில் அதை நிறுத்துவார்கள், பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுஜாடியில் மொண்டு அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். காபிப்பொடி நிறக் கசடு 200 முதல் 400 மில்லி வரை அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் நிலையம் நலம். கறுத்து நாறினால் காற்று போதவில்லை. கசடு இருந்தும் கீழே இறங்காமல் நின்றால் பாக்டீரியா சமநிலை கெட்டிருக்கிறது, கசடே இல்லாத வெறும் கலங்கல் நீர் என்றால் யாரோ பிளீச்சிங் பவுடரையோ அமிலத்தையோ அளவில்லாமல் ஊற்றியிருக்கலாம்.

சமையலறையில் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் எளிது. பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் குப்பியில் சேர்த்துக் கொடுக்கலாம். தட்டு, வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவலாம். கஞ்சியையும் அரிசி கழுவிய நீரையும் மாடு இருக்கும் வீட்டில் கழுநீர்த் தொட்டிக்கு, இல்லாத வீட்டில் தென்னைக்கு.

குளத்தில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்றால் அது அவசரம். தீனி போடுவதை உடனே நிறுத்தி, மோட்டாரால் குளத்து நீரையே இறைத்து உயரத்திலிருந்து மழைபோல் விழச்செய்ய வேண்டும். நல்ல தண்ணீர் இருந்தால் திறந்துவிடலாம். செத்த மீன்களை அன்றே அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், கிடந்து அழுகினால் அவையே ஆக்சிஜனைத் தின்னும். நாற்றம் போக பிளீச்சிங் பவுடர் தூவுவது பிழைத்திருக்கும் மீனையும் முடித்துவிடும்.

பி.ஓ.டி. சொல்லாத மாசும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு போடுவார்கள். சாயத்தையும் அழுக்கையும் நீக்கினாலும் உப்பு நீரிலேயே நிற்கும். நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனது அதனால்தான். உப்பை பாக்டீரியாவால் தின்ன முடியாது, அது ஆக்சிஜனையும் கேட்காது. ஆகவே அங்கே பார்க்க வேண்டிய எண் டி.டி.எஸ்., கரைந்த உப்பின் மொத்த அளவு, வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவானால் குரோமியத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். அறிக்கை கையில் வந்ததும் முதலில் மாதிரி எடுத்த நேரத்தைத் தேடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆக்சிஜன் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.